செங்கோட்டையும் ஸிங்கப்பூர் மண்டபமும்

வேறு எதற்கோ கட்டிய மாளிகையில் திடீரென்று ஒரு நாள் நியாயாதிபதி வந்து அமர்வது புதிய விஷயமன்று. 1945-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் டில்லிச் செங்கோட்டை அவ்விதம் கோர்ட் ஆயிற்று. மொகலாய பாதுஷாக்கள் வாழ்ந்த அக்கோட்டையில், ஷா நவாஸ் கான், ஸெகால், தில்லான் என்ற மூன்று வீரர்கள், மன்னருக்கு விரோதமாக யுத்தம் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு நின்றனர். பூலாபாய் தேஸாய் அவர்களுக்காக வாதாடியதை நேயர்களில் பெரும்பாலார் அறிவர். ஆனால், அவ்வீரர்களின் சேனை எந்த மண்டபத்துக்கு எதிரே உலகத்துக்குப் பிரகடனம் செய்யப்பட்டதோ, அந்த மண்டபமும் பிற்காலத்தில் கோர்ட்டாயிற்று என்பது அவ்வளவு பிரசித்தமன்று.

ஸிங்கப்பூரில் 'பாடாங்' என்னும் பசும்புல் மைதானத்தின் ஓரத்தில் அது நிற்கிறது. 1929-ல் முனிஸிபல் கட்டடமாக முடிக்கப்பெற்றது. முகப்பில் பதினெட்டுத் தூண்கள். மூன்று மாடி உயரம். கடலை நோக்கி நிற்கும் அத்தூண்களின் வரிசையில், ஆளுகின்றவர்களின் மிடுக்கைக் காணலாம். உள்ளே வெள்ளைக்கார அதிகாரிகள் சாலைக்கும் சாக்கடைக்கும் உத்தரவு எழுதினார்கள். அந்தச் சாலையைப் போட்டவர்களிலும், சாக்கடையைக் கழுவியவர்களிலும் நம் தமிழ் மக்கள் ஏராளம்.

1942-ம் வருஷம் பிப்ரவரியில் ஸிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. மறு வருஷம் ஜூலை 2-ந் தேதி ஸுபாஷ் சந்திர போஸ் அங்கு வந்து சேர்ந்தார். 4-ந் தேதி ராஷ் பிஹாரி போஸிடமிருந்து இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். 5-ந் தேதி காலை, முனிஸிபல் கட்டடத்தின் முன்பாக இந்திய தேசிய ராணுவம் அணிவகுத்தது. 'டில்லிக்குச் செல்வோம்' என்ற கோஷத்தை அவர் அங்கேதான் கொடுத்தார். தம்மிடமிருந்து பசி, தாகம், கஷ்டம், மரணம் இவற்றையன்றி வேறொன்றையும் எதிர்பார்க்க வேண்டாமென்றும் சொன்னார். பதவியும் பரிசும் காட்டி ஆள் சேர்க்கும் தலைவர்களையே பார்த்துப் பழகிய நமக்கு இது சற்று விசித்திரமாகவே தோன்றும்.

ஜூலை 9-ந் தேதி அதே மைதானத்தில் ஜனசமுத்திரம் திரண்டது. பிறகு படையில் வந்து சேர்ந்தவர்கள் யார்? மலேயா ரப்பர்த் தோட்டங்களில் பால் எடுத்துக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளிகள் பெருந்தொகையினர். இந்தியாவைக் கண்ணாலும் கண்டறியாத தமிழ்ப் பெண்கள், சென்னையிலிருந்து சென்ற டாக்டர் லக்ஷ்மியின் தலைமையில் ஜான்ஸி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். கங்காணியின் அதட்டலுக்கு நடுங்கியவர்கள், ஒரு சாம்ராஜ்யத்துக்கு எதிராக நெஞ்சை நிமிர்த்தினார்கள்.

உண்மையை முழுவதும் சொல்லத்தான் வேண்டும். அதே ஜப்பானியர், அதே தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாம் - பர்மா ரயில் பாதை போட இழுத்துச் சென்றனர். காலராவிலும் பட்டினியிலும் அவர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். ஒரே லயத்தில் அண்ணன் சிப்பாயாகவும் தம்பி ரயில் பாதைக் கூலியாகவும் போன காலம் அது.

1945 செப்டம்பர் 12-ந் தேதி அந்தக் கட்டடத்தின் சபா மண்டபத்திலேயே, மவுண்ட்பேட்டன் முன்னிலையில், ஜப்பானியத் தளபதி இடகாகி சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். 1951-ல் ஸிங்கப்பூர் நகர அந்தஸ்துப் பெற்றதும், கட்டடம் 'ஸிட்டி ஹால்' ஆயிற்று. 1959-ல் லீ குவான் யூ இங்கேதான் பிரதம மந்திரியாகப் பிரமாணம் எடுத்தார். பக்கத்திலிருந்த உச்ச நீதிமன்றத்துக்கு இடம் போதாமையால், 1980-களின் இறுதியை ஒட்டி இதன் அறைகளும் கோர்ட்டுகளாக மாறின. எங்கள் பள்ளிப்பட்டுப் பக்கத்தில் கோர்ட் படி ஏறுவதைக் குடும்பத்துக்கு வந்த இழுக்காகவே கருதுவார்கள். அங்கோ, தேசத் தலைவர்கள் நின்று அணிவகுப்புப் பார்த்த படிகளிலேயே வாதியும் பிரதிவாதியும் ஏறி இறங்கினார்கள்! 2005-ல் நீதிமன்றம் புதிய மாளிகைக்குச் சென்றது. 2015 முதல் இரு கட்டடங்களும் சேர்ந்து தேசியச் சித்திரக்கூடமாக விளங்குகின்றன.

சரணாகதி நடந்த மண்டபத்தை இன்றும் சிதையாமல் காத்து வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் இந்திய தேசிய ராணுவத்தில் உயிர் நீத்தவர்களுக்காக, 1945 ஜூலை 8-ந் தேதி போஸ் கடற்கரை ஓரத்தில் அடிக்கல் நாட்டி எழுப்பிய ஞாபகச் சின்னத்தின் கதி வேறு. 'ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம்' என்று அதில் பொறித்திருந்தது. பிரிட்டிஷார் திரும்பி வந்தவுடன், மவுண்ட்பேட்டனின் உத்தரவின்படி அதைத் தகர்த்தெறிந்தனர். பெயர் தெரியாத தோட்டத் தொழிலாளிகளுக்கு இருந்த ஒரே கல் அதுதான். அவ்விடத்தில் இப்போது இருப்பது, ஸிங்கப்பூர் ஸர்க்கார் 1995-ல் வைத்த நினைவுப் பலகை. மண்டபத்திலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம்.