உஷார்! பேப்பர் போட்டாச்சா?

வேலையை விடப்போகிறீர்களா? ஏப்ரல், மே, ஜூன் முழுக்க வீட்டில் உட்கார்ந்து சொந்த ப்ராஜெக்ட் செய்வதாகத் திட்டமா? சந்தோஷம். ஆனால் ரிலீவிங் தேதிக்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். இதை உங்கள் மேனேஜர் சொல்ல மாட்டார். ஹெச்.ஆரும் தானாக வந்து சொல்ல மாட்டார்.

சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு தம்பி. பெயர் வேண்டாம். ஓ.எம்.ஆரில் பல வருஷ சர்வீஸ். மார்ச் 31 கடைசி நாள். கேக் வெட்டி, ஐ.டி. கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். கையில் பெரிய பட்டியல் வைத்திருந்தார். மாநகரப் பேருந்து எங்கே வருகிறது என்று காட்டும் ஆப். அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே என்றால், "என்னுது வேற மாதிரிக்கா" என்பார். பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் பண்ணி எழுத்தாக மாற்றும் ப்ரோக்ராம். மாடித் தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் விட ஒரு ராஸ்பெர்ரி பை. ஆறு மாதச் செலவுக்குப் பணமும் ஒதுக்கியிருந்தார். விவரமான பிள்ளைதான்.

இன்ஷூரன்ஸை மட்டும் மறந்துவிட்டார்.

மே மாதம். அக்னி நட்சத்திர வெயில். அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆஞ்சியோ செய்தார்கள், ஸ்டென்ட் வைத்தார்கள். கவுன்டரில் கார்டை நீட்டினால், "சார், இது மார்ச்சோட முடிஞ்சிருச்சே" என்றார் அந்தப் பெண். கார்டு பர்சில் பத்திரமாக இருந்தது. பாலிசி இல்லை! ஆறு மாதப் பணம் ஒரே வாரத்தில் கரைந்தது. அப்பா பிழைத்துக்கொண்டார், அது போதும். ஜூன் பிறந்ததும் தம்பி இன்டர்வியூக்களுக்கு அலைய ஆரம்பித்துவிட்டார்.

ஆபீஸ் தரும் குரூப் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு செத்துவிடும். உங்களுக்கு மட்டுமல்ல, அதில் சேர்த்திருக்கும் அப்பா, அம்மா, மனைவி, குழந்தை எல்லாருக்கும்தான். சரி, உடனே புதிதாக ஒன்று எடுத்துவிடலாம் என்கிறீர்களா? புது பாலிசியில் முதல் 30 நாள் விபத்தைத் தவிர எதற்கும் பணம் வராது. அப்பாவுக்கு ஏற்கெனவே சுகர், பிரஷர் இருந்தால் அது சம்பந்தமான சிகிச்சைக்கு 3 வருஷம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். ஆகவே வேலையில் இருக்கும்போதே கேளுங்கள்: "இதே கம்பெனியில் தனி பாலிசியாக மாற்றித் தருவீர்களா? ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலத்தைக் கணக்கில் எடுப்பீர்களா?" பிரீமியம் கூடும். கூடட்டும். பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள்.

இனி மற்ற அபாய மணிகள். ஒன்று அடித்தாலும் நில்லுங்கள்.

நோட்டீஸ் பீரியடிலேயே ப்ராஜெக்டை ஆரம்பித்துவிட்டீர்களா? உஷார்!

மூன்று மாத நோட்டீஸ், பாதி நாள் சும்மா உட்கார்ந்திருப்பது, கை பரபரக்கத்தான் செய்யும். ஆனால் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வேலையின் பகுதியாக உருவாக்கியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளிதான் என்கிறது. அதற்கு மேல், சேரும் நாளன்று படிக்காமல் கையெழுத்துப் போட்டீர்களே ஒரு கட்டு பேப்பர், அதில் என்னென்ன எழுதியிருக்கிறதோ! ராத்திரி வீட்டில் எழுதினாலும் ஆபீஸ் லேப்டாப்பில் எழுதினால் சண்டைக்கு இடம் கொடுக்கிறீர்கள். இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் கிட் செட்டிங்கில் எந்த மெயில் முகவரி இருக்கிறது? ஆபீஸ் முகவரி என்றால் ஒவ்வொரு கமிட்டிலும் அது தேதியோடு பதிந்துகொண்டே போகும். நாளைக்கு உங்கள் ஆப் நன்றாக ஓடினால் அதுவே சாட்சி. ஓடாத ஆப்பை எவனும் கேட்டு வரமாட்டான் என்பது வேறு விஷயம்.

"ரெஃபரன்ஸுக்கு" என்று ஆபீஸ் கோடைப் பென்டிரைவில் எடுத்து வைத்திருக்கிறீர்களா? வேண்டாம் கண்ணு. அழித்துவிடுங்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன். எடுக்கவே எடுக்காதீர்கள்.

கிளவுட் கணக்கில் உங்கள் சொந்த கிரெடிட் கார்டு இருக்கிறதா?

ஆபீஸில் யாரோ பில் கட்டினார்கள். இப்போது நீங்கள்! ரகசியச் சாவியைக் கோடுக்குள் எழுதி, பொது ரெப்போவில் புஷ் பண்ணிவிட்டால் போதும். அதைத் தேடியே இருபத்து நாலு மணி நேரமும் ஓடும் ப்ரோக்ராம்கள் இருக்கின்றன. நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் உங்கள் கணக்கில் யாரோ கிரிப்டோ மைனிங் ஆரம்பித்திருப்பார்கள். அடுத்த கமிட்டில் அந்த வரியை நீக்கினால் சரியாகிவிடாது. பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். சாவியையே ரத்து செய்ய வேண்டும், அதுவும் அந்த நிமிஷமே. பட்ஜெட் அலர்ட் வைத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அலர்ட் மெயில் அனுப்பும், அவ்வளவுதான். நீங்களாக ஏற்பாடு செய்திருந்தால் ஒழிய அது செலவை நிறுத்தாது.

கை இறுகும்போது பி.எஃப். பணத்தில் கண் போகும். ஐந்து வருஷ சர்வீஸ் நிறையாமல் எடுத்தால் வரி உண்டு, ஞாபகம் இருக்கட்டும். வீட்டுக்கடன் வாங்கும் யோசனை இருந்தால் சம்பளச் சீட்டு வரும்போதே விண்ணப்பியுங்கள். மே மாதம் பகலெல்லாம் ஏ.சி. ஓடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். இரண்டு மாத மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். ஆபீஸ் ஏ.சி. இலவசம் என்பது வீட்டு பில் வரும்போதுதான் பலருக்குத் தெரிகிறது.

பட்டியலில் ஏழு ப்ராஜெக்ட் இருக்கிறதா? ஆறை அடியுங்கள். எது மிச்சம் என்பது உங்கள் இஷ்டம். ஆனால் டொமைன் பெயர் வாங்குவது, லோகோ வரைவது, எந்த ஃப்ரேம்வொர்க் என்று வாரக்கணக்கில் சண்டை போடுவது, இதிலேயே ஏப்ரல் போய்விட்டதென்றால் அதுவும் மணிதான்.

நோட்டீஸ் முடிய இன்னும் நாள் இருக்கிறதா? அப்படியானால் இன்றைக்கே ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள்: "என் குடும்பத்தின் மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு முடிகிறது?" ராஸ்பெர்ரி பையை அப்புறம் ஆர்டர் பண்ணலாம்.