இடம் மாறும் ஏடுகள் – 9: முறைக்கு ஏது கட்டம்?

சொந்தக் கணினியில் பல ஆண்டுகள் ஓட்டிய ஜென்கின்ஸ் போன்ற பில்ட் சர்வரை விட்டு ஒரு நிறுவனம் வேறொரு செயலிக்கு மாறும்போது எது வரும், எது வராது என்று சென்ற வாரம் பார்த்தோம். நிரல்களைத் தொகுத்துச் சோதிக்கும் அந்த சர்வரில் ஒவ்வொரு வேலையின் அமைப்பும் பழைய முடிவுகளும் கோப்புகளாகவே கிடக்கின்றன. நகலெடுப்பது பெரிய காரியமில்லை. கடவுச்சொற்களும் கூடவே வந்துவிடும். ஆனால், அவற்றைப் பூட்டிய சாவி தனி அடைவில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வந்தால், கையில் இருப்பது யாராலும் படிக்க முடியாத எழுத்துக் குவியல்தான். இந்த வாரம் இதே கேள்வியைப் பழவேற்காடு ஏரிக்கரைக்குக் கொண்டுபோகலாம். அங்கே தலைமுறைகளாக ஊரே நடத்திவரும் ஓர் ஏடு உண்டு. கணினியில் அல்ல, ஊர்க்கூட்டத்தில் ஓடும் ஏடு அது. பெயர் பாடு.

சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கே திருவள்ளூர் மாவட்டத்துக்குள் வரும் பகுதியில்தான் கடலோடு சேரும் முகத்துவாரம் ஒன்று உள்ளது. ஏரிக்குள் இறால் வந்துபோகும் வழி அது. ஆகவே அதை ஒட்டிய நீர்ப்பரப்புக்கு எப்போதும் போட்டி. கம்பு நட்டு வளைக்கும் சுத்து வலையை அங்கே எல்லோரும் ஒரே நாளில் போட்டால் ஒருவருக்கும் கட்டுப்படியாகாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சாதி மீனவர்கள் இதற்காகத்தான் சீட்டுக் குலுக்கியும் முறை வைத்தும் அந்த இடங்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள்; அதுதான் பாடு. ஊர் வரி கட்டும் தலைக்கட்டுக்கு முறையில் பங்கு உண்டு. வரி பாக்கி என்றாலோ ஊர்க் கட்டுப்பாட்டை மீறினாலோ அந்தப் பங்கு ஆட்டம் காணும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்புக்காக செபாஸ்டியன் மேத்யூ எழுதி 1991-இல் வெளிவந்த ஆய்வு, இந்த ஏற்பாட்டை வெறும் பழக்கமாகப் பார்க்காமல் ஒரு மீன்வள நிர்வாக முறையாகவே எடுத்துக்கொண்டது. அது சரியான பார்வை என்றே நினைக்கிறேன்.

இப்போது அரசின் பக்கம் வருவோம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரப் பாதுகாப்பை முன்னிட்டு மீன்பிடிக் கலங்களின் பதிவு இணையத்துக்கு மாறியது. மீனவர்களுக்கு உயிரளவை அடையாள அட்டை வந்தது. 2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு தேசிய மீன்வள டிஜிட்டல் தளத்தைத் தொடங்கி, மீன்பிடித் தொழிலில் உள்ளவர்களையும் நிறுவனங்களையும் அதில் பதியச் சொன்னது. நிவாரணம், காப்பீடு, கடன் எல்லாம் உரியவருக்குப் போய்ச் சேர இவை தேவை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், இந்தப் பதிவுகளின் அலகு என்ன? ஓர் ஆள், ஒரு படகு, ஒரு நிறுவனம். பாட்டின் அலகோ முறை: இன்ன ஊருக்கு, இன்ன நாளில், இன்ன இடத்தில். அதை ஆள் பெயருக்குக் கீழே எழுதினால் சொந்தச் சொத்துபோல் ஆகிவிடும். படகு எண்ணுக்குக் கீழே எழுதினாலோ அர்த்தமே இராது. இடம் என்பதும் நிலையாக நிற்பதில்லை. மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துபோகும், வேறு பக்கம் நகரும். இறால் வரத்தும் அதோடு மாறும். அட்சரேகை தீர்க்கரேகையோடு ஒரு பாட்டிடத்தைப் பதிந்துவிட்டு அடுத்த பருவத்தில் போய்ப் பார்த்தால், அங்கே மணல்திட்டு இருக்கலாம். ஊர்க்கூட்டம் ஒரே மாலையில் பேசித் திருத்திக்கொள்ளும் விஷயம் இது. கணினிப் பதிவில் திருத்த வேண்டுமானால் மனு எழுத வேண்டும். ஆள் பட்டியலை மட்டும் ஏற்றிவிட்டு ‘மீனவர் தரவு முழுதும் வந்துவிட்டது’ என்று அறிவிப்பது, சாவியை விட்டுவிட்டுப் பூட்டிய பெட்டியைச் சுமந்து வருவதற்குச் சமம்.

இதற்கு வரும் பலமான மறுப்பு பாட்டின் நியாயத்தைப் பற்றியது. பாடு பட்டினவர்களுக்கு உள்ளேயே சுழல்கிறது. தலைக்கட்டு என்றால் ஆண். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அதில் இடமில்லை. ஏரியை நம்பியிருக்கும் தலித் மீனவர்களுக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்கும் இல்லை. இறால் ஏற்றுமதிச் சரக்காகி விலை ஏறிய பிறகு இதன் பேரில் பூசல்கள் வலுத்தன; சாரா கூல்தார்ட் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த விலக்கலும் பேசப்படுகிறது. அப்படியானால், சாதி பார்க்காத அரசுப் பதிவேடு நல்லதுதானே, பழைய ஏடு தொலைந்தால் தொலையட்டுமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால், முறையைப் பதியாமல் விட்டால் முறை நின்றுபோய்விடாது. விடியற்காலையில் யார் வலை போடுவது என்பதை ஊர்தான் தொடர்ந்து தீர்மானிக்கும். அரசு ஏட்டில் மட்டும் எல்லோரும் சமமான ‘பயனாளி’கள். யாருக்கு எத்தனை முறை, யாருக்கு ஒன்றுமில்லை என்பது எழுத்தில் இருந்தால்தான் ஒதுக்கப்பட்டவர் அதைக் காட்டி வழக்காட முடியும். இல்லையென்றால் விலக்கலுக்குச் சான்றே கிடையாது.

இன்னொரு மறுப்பு: ஊர் வழக்கம் வாய்மொழி, நெளிவு சுளிவு உள்ளது, அதைச் சட்டத்திலோ மென்பொருளிலோ அடைக்க முடியாது என்பது. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பு இதற்கு நல்ல பதில், கூடவே ஓர் எச்சரிக்கையும். அங்கும் கம்பு நட்டு இறால் பிடிக்கும் கட்டுதெல் தொழில் நடக்கிறது. நான்கு மீனவர் சங்கங்கள் சீட்டுக் குலுக்கி இடங்களைப் பங்கிடுகின்றன. 1958-இல் இலங்கை அரசு இதற்கென்றே தனி விதிகளைக் கொண்டுவந்து அந்த ஏற்பாட்டுக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது. வெறும் பெயர்ப் பட்டியல் மட்டும் இடம் மாறவில்லை, விதியும் கூடவே வந்தது. அதனால்தான் அரசு மாறினாலும் அதிகாரி மாறினாலும் சுழற்சி நிலைத்தது. எச்சரிக்கை எது என்றால், சங்க உறுப்புரிமை பரம்பரையாகவே ஓடுகிறது; புதியவர் நுழைய வழி குறுகல். விதியை அப்படியே பெயர்த்து எடுத்து வைத்தால் அதன் குறையும் கூடவே வரும். அதற்காகப் பெயர்க்காமலே இருப்பதா? குறை எழுத்தில் வந்துவிட்டால் திருத்தம் கோரவாவது ஓர் இடம் கிடைக்கிறது.

ஆகவே, பழவேற்காட்டில் செய்ய வேண்டியது மென்பொருள் மாற்றத்தில் விவரம் அறிந்தவர்கள் செய்வதுதான். பழையதை உடனே அணைத்துவிடாமல், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வரும் இறால் பருவம் ஒன்று முழுக்க இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும். முறைக்கென்று தனிப் பட்டியல். அதில் ஊர், தலைக்கட்டு, நாள், அந்தப் பருவத்து இடம் ஆகியவை இருக்கட்டும். முறையில் பங்கில்லாமல் அதே நீரில் பிழைப்பவர்களுக்கும் ஒரு பகுதி இருக்கட்டும், அதை அவர்களே நிரப்பட்டும். இரண்டு ஏடுகளும் முரண்படும் நாளில் எது செல்லும் என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது அவசியம். அதைவிடச் சிக்கலான கேள்வி, திருத்தும் அனுமதி யார் கையில் என்பது. ஊரில் ஒரு சாவு விழுந்து அன்றைய முறை அடுத்தவருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரியை ஊர்க் கணக்கர் அன்றே மாற்ற முடியுமா, அல்லது பொன்னேரிக்கோ திருவள்ளூருக்கோ போய் அரசு அலுவலகத்தில் காத்திருக்க வேண்டுமா? காத்திருக்க வேண்டுமென்றால், ஒரே வாரத்தில் ஊர் தன் பழைய நோட்டுக்குத் திரும்பிவிடும்.