மழைக்கென விட்ட வழி: தேம்ஸ் ஆறும் கழிவுநீர்ச் சட்டமும்

ஏரிகளைப் பற்றி அறிந்தவர்க்குக் கலிங்கு என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. நிரம்பிய ஏரிக்கு மேலும் வரும் வெள்ளம் கரையை உடைத்துவிடாதபடி, கரையினும் தாழ்ந்த மட்டத்தில் அதற்கென ஒரு வழி விட்டுவைத்தனர் முன்னோர். கலிங்கு வழிந்தால் ஊர் மகிழும். வழிவது மழைநீர் அன்றோ! இதே உத்தி நகரத்துப் பாதாளச் சாக்கடையிலும் உண்டு என்பதைப் பலர் அறியார். அங்கே வழிவது மழைநீரோடு கலந்த மலநீர். அது சென்று விழும் இடம் ஆறு. இலண்டன் மாநகரின் தேம்ஸ் ஆற்றுக்கு இவ்வழியாக நேர்ந்த கேட்டையும், அதனைத் தடுக்கப் பொறியியலும் சட்டமும் பட்ட பாட்டையும் இங்குக் காண்போம். தன் ஆற்றை இருமுறை சாகடித்து, இருமுறை உயிர்ப்பிக்க முயன்ற நகரம் அது. ஆதலின் இப்பொருளுக்கு அதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

நாற்றம் இயற்றிய சட்டம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் வீடுகளின் கழிவு மலக்குழிகளில் தங்கிற்று. இரவில் அதனை அள்ளிச் சென்று வயல்களுக்கு எருவாக விற்றனர். தெருச் சாக்கடைகளோ மழைநீருக்கென அமைந்தவை. வீட்டு மலத்தை அவற்றில் விடுவது 1815 வரை தடை செய்யப்பட்டிருந்தது. அத்தடை நீங்கியபின், நீர் ஊற்றிக் கழுவும் கழிவறைகளும் பெருகின. 1840-களின் இறுதியில், மலக்குழிகளை மூடி வீடுகளைச் சாக்கடையோடு இணைக்க வேண்டும் என்ற விதியே வந்துவிட்டது. வீடு தூய்மையாயிற்று, ஆறு மலக்குழியாயிற்று. அவ்வாற்றிலிருந்தே பலருக்குக் குடிநீரும் இறைக்கப்பட்டது.

விளைவு காலரா. 1848-49-இல் இலண்டனில் 14,000 பேருக்கு மேல் மாண்டனர். 1853-54-இல் மேலும் 10,000 பேருக்கு மேல். தீய காற்றே நோய்க்குக் காரணம் என மருத்துவ உலகம் நம்பியிருந்த காலம் அது. சோகோ பகுதியில் பிராட் தெருவின் அடிகுழாயைச் சுற்றியே சாவுகள் குவிந்திருந்ததை 1854-இல் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டி, நோய் பரவுவது நீரினால் என்றார். அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. ஆனால் அவருடைய கொள்கையைக் கற்றோரிற் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

1858-ஆம் ஆண்டுக் கோடை கடுமையாக இருந்தது. ஆற்றில் தேங்கிய கழிவு வெயிலில் புழுங்கி எழுப்பிய நாற்றம் வரலாற்றில் 'பெருநாற்றம்' எனப் பெயர் பெற்றுவிட்டது. நாடாளுமன்றம் ஆற்றங்கரையில் இருந்தமையால் உறுப்பினர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவை நடத்த வேண்டியதாயிற்று. சாளரத் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் தோய்த்துத் தொங்கவிட்டும் பயனில்லை. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சட்டம் நிறைவேறிற்று. ஆயிரக்கணக்கான ஏழைகளின் சாவு அசைக்காத மன்றத்தைச் சில வாரத்து நாற்றம் அசைத்தது என்பது ஆட்சியியல் பயில்வோர் மறக்கலாகாத செய்தி.

கட்டியவர் செய்த கணக்கு

மாநகரப் பணி வாரியத்தின் தலைமைப் பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட் ஆற்றுக்கு இணையாகக் கிழக்கு நோக்கி ஓடும் பெருங்குழாய்களைத் திட்டமிட்டார். வடக்கிலும் தெற்கிலும் இருந்து ஆற்றை நோக்கி வந்த பழைய சாக்கடைகளை அவை குறுக்கே தடுத்து வாங்கிக்கொண்டன. அப்பெருங்குழாய்களின் நீளம் ஏறத்தாழ 132 கிலோமீட்டர். கழிவுநீர் நகருக்குக் கிழக்கே பெக்டன், கிராஸ்னஸ் என்னும் இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கடல் வற்றம் ஆற்றை இழுக்கும் நேரம் பார்த்து விடப்பட்டது. 1865-இல் கிராஸ்னஸ் நீரேற்று நிலையம் திறக்கப்பட்டது.

இங்கேதான் நம் கலிங்கு வருகிறது. மழைநீரையும் மலநீரையும் ஒரே குழாயில் கொண்டுசெல்வது பேசல்ஜெட்டின் முறை. வறண்ட நாளில் குழாய் கொள்ளும், பெருமழையில் கொள்ளாது. கொள்ளாத நீர் பின்னோக்கி ஏறினால் வீடுகளின் கழிவறை வழியே பொங்கும். எனவே பழைய சாக்கடைகள் ஆற்றைச் சேரும் வாய்களை அவர் அடைத்துவிடவில்லை. குழாயினுள் ஒரு தடுப்பணை. நீர் அதன் தலைக்கு மேல் ஏறினால் ஆற்றுக்கு வழியும். ஆற்று நீர் உள்ளே புகாதிருக்க வாயில் ஒரு மடக்குக் கதவு. பொறியே இல்லாத எளிய அமைப்பு. ஏறத்தாழ 40 இலட்சம் மக்களைக் கணக்கிட்டு இதனை அமைத்தார். அந்நாளில் அது தொலைநோக்கே. அதனைப் பிழை என்பார் வரலாறு அறியாதார். ஆயின் இன்று இலண்டனின் மக்கள்தொகை 90 இலட்சத்தை ஒட்டி நிற்கிறது. மழையை உறிஞ்சிய தோட்டங்களும் வெற்றிடங்களும் கல்லும் தாருமாக மாறிவிட்டன. பெருமழைக்கென விட்ட வழி சிறு தூறலுக்கும் திறக்கலாயிற்று.

கழிவைக் கிழக்கே தள்ளியதும் தீர்வாகவில்லை. 1878 செப்டம்பர் 3 அன்று 'இளவரசி ஆலிஸ்' என்னும் உல்லாசப் படகு அக்கழிவு வாய்களுக்கு அருகே நிலக்கரிக் கப்பலொன்றுடன் மோதி மூழ்கியது. 600 பேருக்கு மேல் மாண்டனர். சற்று முன்னரே ஆற்றில் விடப்பட்டிருந்த மலநீரில் விழுந்தமையும் சாவுக்கு ஒரு காரணம் எனப் பேசப்பட்டது. 1887 முதல் வண்டலைப் பிரித்துக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டினர். இவ்வழக்கம் 1998 வரை நீடித்தது.

மீன் ஏன் சாகிறது?

மலநீர் ஆற்றில் கலந்தால் மீன் நஞ்சுண்டு சாவதாகப் பலர் எண்ணுவர். பெரும்பாலும் நடப்பது மூச்சுத் திணறல். கழிவிலுள்ள பொருள்களை நுண்ணுயிர்கள் தின்று பெருகும்போது நீரில் கரைந்துள்ள உயிர்வளியைச் செலவழித்துவிடுகின்றன. கோடையில் இக்கேடு இரட்டிப்பு. வெப்பநீர் குறைந்த உயிர்வளியையே ஏந்தும், ஆற்றின் ஓட்டமும் அப்போது மெலிந்திருக்கும். நெடுநாள் வறட்சிக்குப் பின் வரும் மழை குழாயின் அடியில் படிந்த கசடையெல்லாம் முதல் வீச்சிலேயே அள்ளி வருவதால், கோடை இடிமழையே ஆற்றுக்குப் பெரும்பகை. தேம்ஸ் இலண்டனில் ஓதமேறும் ஆறு. வற்றத்தில் இறங்கிய கழிவு ஏற்றத்தில் திரும்பும். கடலைச் சேர வாரக்கணக்கில் ஆகும்.

1957-இல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தார் ஆய்ந்து, ஆற்றின் பெரும்பகுதி உயிரியல் நோக்கில் இறந்துவிட்டது என்றனர். அதன்பின் சுத்திகரிப்பு நிலையங்கள் விரிவாயின. 1974-இல் சால்மன் மீன் ஒன்று அகப்பட்டது; நூறாண்டுக்கு மேலாக அங்குக் காணாதிருந்த மீன் அது. நகரம் பெருமை கொண்டது. ஆனால் மிகைநீர் வாய்கள் மட்டும் அப்படியே இருந்தன. மழை பெய்தபின் ஆற்றுக்கு உயிர்வளி ஊட்டவே தனிப் படகுகள் இயங்கின. நோயாளிக்கு மூச்சுக்குழாய் பொருத்துவது போன்றது அது. 2004 ஆகஸ்டில் பெய்த ஒரு மழைக்குப் பின் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன.

ஒரு தொடருக்குப் பொருள் காணல்

ஐரோப்பியச் சமூகம் 1991 மே மாதத்தில் நகரக் கழிவுநீர் நெறிமுறை ஒன்றைப் பிறப்பித்தது. நகரங்கள் தம் கழிவுநீரைத் திரட்டித் தூய்மை செய்த பின்னரே வெளியேற்ற வேண்டும் என்பது அதன் சாரம். பெருநகரங்களுக்கு 2000-ஆம் ஆண்டு முடிவு வரை தவணை. எந்த மழையையும் தாங்கும் குழாயை எவராலும் கட்ட இயலாது என்பதை அதனை வகுத்தோரும் அறிவர். ஆகவே வழக்கத்திற்கு மாறான பெருமழை போன்ற நிலைகளுக்கு விலக்களித்தனர்.

பின்னர் எழுந்த வழக்கு முழுவதும் இவ்வொரு தொடரின் மேல் நின்றது. இலண்டனின் சில வாய்கள் ஆண்டில் ஐம்பது, அறுபது முறை திறந்தன. 2 மில்லிமீட்டர் மழையே போதும் என்ற நிலை. வாரந்தோறும் நிகழ்வதை வழக்கத்திற்கு மாறானது எனலாமா? சொற்பொருள் ஆராய்ச்சி தமிழ்த்துறையாரின் தொழில் மட்டுமன்று போலும். செலவையும் பயனையும் சீர்தூக்க நாடுகளுக்கு உரிமையுண்டு என்று வாதிட்டது பிரிட்டன். 2012 அக்டோபர் 18 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செலவைக் கருதலாம், ஆயின் விலக்கு விலக்காகவே இருக்க வேண்டும், வாடிக்கையாகிவிடக் கூடாது என்றது. சுரங்கம் அமைக்க 2007-இலேயே அரசு முடிவெடுத்திருந்தமையால், அத்தகைய தீர்வு இயலாதது என்றோ செலவு அளவுமீறியது என்றோ சொல்ல இடமில்லாமற் போயிற்று. இலண்டனிலும் விட்பர்ன் என்னும் ஊரிலும் பிரிட்டன் கடமை தவறியதாக முடிவாயிற்று.

ஆற்றின் அடியில் ஓர் ஆறு

மழைநீருக்கும் மலநீருக்கும் தனித்தனிக் குழாய் இட்டால் என்ன என்று கேட்கலாம். இலண்டனின் தெருக்கள் அனைத்தையும் தோண்டி, ஒவ்வொரு வீட்டின் இணைப்பையும் பிரிக்க வேண்டும். புதைகுழாய் பதிக்கும் காலத்தில் ஒரே தெருவில் குடியிருந்தவர்க்கே இதன் பொருள் விளங்கும்! மழையை மண்ணிலேயே இறங்கவிடும் தோட்டங்களும் துளைத்தளங்களும் போதும் என்றனர் சிலர். அவை நல்லவையே, எனினும் நெருங்கிக் கட்டிய நகரில் அவற்றால் மட்டும் ஆகாது என்று கருதப்பட்டது.

ஆகவே மேற்கே ஆக்டனிலிருந்து கிழக்கே ஆபி மில்ஸ் வரை 25 கிலோமீட்டர் நீளமும் 7.2 மீட்டர் விட்டமும் கொண்ட சுரங்கம், பெரும்பாலும் ஆற்றின் அடியிலேயே அமைந்தது. 2016-இல் திறந்த லீ சுரங்கம் அதனைப் பெக்டன் நிலையத்தோடு இணைக்கின்றது. மிகுதியாக மாசு விடுத்த 34 வாய்களின் நீர் இப்போது ஆற்றில் விழாமல் சுரங்கத்தில் இறங்குகிறது; இரண்டு சுரங்கமுமாகச் சுமார் 16 இலட்சம் கனமீட்டர் கொள்ளும். மழை நின்றபின் அதனை மெல்ல இறைத்துத் தூய்மை செய்வர். 2025 பிப்ரவரியில் கடைசி இணைப்பும் முடிந்தது. செலவு 450 கோடி பவுனுக்குக் குறையாது. அதனை இறுப்போர் தேம்ஸ் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களே. அவர்களுடைய ஆண்டுக் கட்டணத்தில் அது சேர்க்கப்படுகிறது.

எண்ணாததை எப்படித் தண்டிப்பது?

சுரங்கம் இலண்டனுக்கு மட்டும். இங்கிலாந்து முழுவதிலும் 14,000-க்கு மேற்பட்ட மிகைநீர் வாய்கள் உள்ளன. 1989-இல் நீர்த்துறை தனியார்மயமானபோது அவற்றில் எது எப்போது திறக்கிறது என்பதை அறிய வழியில்லை. உரிமத்தில் நிபந்தனை இருந்தது. அது மீறப்பட்டதா எனப் பார்க்கும் கண் இல்லை. 2010-இலும் பத்தில் ஒரு வாய்க்குக்கூட அளவி இல்லை. 2023 முடிவில்தான் எல்லாவற்றிலும் பொருத்தி முடித்தனர். அவ்வாண்டு வாய்கள் திறந்திருந்த நேரம் மொத்தம் 36 இலட்சம் மணி எனத் தெரியவந்தபோது நாடே கொதித்தது. இவ்வளவிகள் காட்டுவது நேரத்தை மட்டுமே; வழிந்த நீரின் அளவை அன்று.

எண்ணத் தொடங்கிய பின்னரே, மழையே இல்லாத நாளில் வழிந்தவையும் வெளிப்பட்டன. இவற்றிற்கு எந்த விலக்கும் இல்லை, முற்றிலும் குற்றம். சில இடங்களில் காரணம் அடைப்பு. சமையலறைக் கொழுப்பும் ஈரத்துடைப்புத் தாள்களும் இறுகி, 2017-இல் வொயிட்சேப்பல் தெருவின் அடியில் 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் உள்ள பாறைபோல் கிடந்தன. அதன் ஒரு துண்டை அருங்காட்சியகத்தில் வைத்தனர். வேறு இடங்களிலோ, உரிமப்படி தூய்மை செய்ய வேண்டிய அளவை எட்டுமுன்பே நீரைத் திருப்பிவிட்டனர் என்ற ஐயம் எழுந்து, 2021-இல் பெரும் விசாரணை தொடங்கிற்று. அவ்வாண்டே சதர்ன் வாட்டர் நிறுவனத்துக்கு 9 கோடி பவுன் தண்டம் விதித்தது நீதிமன்றம். 2025 மே மாதத்தில் தேம்ஸ் நிறுவனத்துக்கு 12 கோடியே 27 இலட்சம் பவுன் தண்டம் அறிவித்தது ஆஃப்வாட் என்னும் கண்காணிப்பு அமைப்பு. அந்நிறுவனமோ அதற்குள் கடனில் மூழ்கியிருந்தது. கடனாளிக்கு விதிக்கும் தண்டம் குழாயைப் பழுதுபார்க்குமா, பங்குதாரரைத் திருத்துமா என்ற வினாவுக்கு எவரும் தெளிவான விடை கூறவில்லை. இரண்டு திங்கள் கழித்து, நீர்த்துறையை ஆராய்ந்த ஆணையம் ஒன்று ஆஃப்வாட்டையே கலைத்துப் புதிய ஒழுங்குமுறை அமைப்பை ஏற்படுத்தப் பரிந்துரைத்தது. அரசும் அதனை ஏற்றது.

1991-இல் எண் கூறாமல் விடப்பட்ட தொடருக்கு இப்போது எண்கள் வந்துவிட்டன. இலண்டனில் சுரங்கத்தோடு இணைந்த வாய்கள் ஆண்டில் நான்கு முறைக்கு மேல் வழியலாகாது என்பது திட்டம். இங்கிலாந்தின் ஏனைய வாய்கள், சராசரியாக ஆண்டில் பத்து மழைக்கு மேல் திறவாத நிலையை எட்ட அரசு விதித்த காலக்கெடு 2050.