மீன் தொட்டி நீரை முழுவதுமாக மாற்றலாமா? கவனிக்க வேண்டியவை

வீட்டு மீன் தொட்டியின் நீரை முழுவதுமாக வெளியேற்றிவிட்டு, குழாய் நீரை நேரடியாக நிரப்புவது மீன்களின் திடீர் இறப்புக்கு வழிவகுக்கும்.

மீன்களின் கழிவிலிருந்து உருவாகும் அம்மோனியா நச்சுத்தன்மை கொண்டது. வடிகட்டியிலும் கற்களிலும் வாழும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நாளடைவில் சேரும் நைட்ரேட்டைக் குறைக்கவே நீர் மாற்றப்படுகிறது. இதற்கு வாரந்தோறும் சுமார் கால் பங்கு நீரை மாற்றினால் போதும்.

வெளியேற்றும் முறை

முதலில் ஹீட்டர், வடிகட்டி ஆகியவற்றின் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ரப்பர் குழாயில் நீர் நிரப்பி, இரு முனைகளையும் விரலால் அடைத்து, ஒரு முனையைத் தொட்டி நீருக்குள்ளும் மறுமுனையைத் தாழ்வாக உள்ள வாளியிலும் வைத்துத் திறந்தால் நீர் தானாகவே வடியும். வாயால் உறிஞ்சினால் தொட்டி நீரில் உள்ள கிருமிகள் உடலுக்குள் செல்லக்கூடும்.

நிரப்பும் முறை

குளோரின் கலந்து விநியோகிக்கப்படும் குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது ஐஎஸ் 10500 இந்தியத் தரநிலை. மனிதர்களை நோயிலிருந்து காக்கும் அதே குளோரின், மீன்களின் செவுள்களைப் பாதிப்பதுடன் நன்மை செய்யும் பாக்டீரியாக்களையும் அழிக்கிறது. எனவே, நீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்திருந்தோ, சோடியம் தயோசல்பேட் கரைசலை உரிய அளவில் கலந்தோ நிரப்ப வேண்டும்.

ரப்பர் குழாயைக் குடிநீர்க் குழாயில் பொருத்தி, அதன் முனையைத் தொட்டி நீரில் மூழ்கவிடுவதும் ஆபத்தானது. விநியோகம் திடீரென நின்றால், தொட்டியின் அசுத்த நீர் வீட்டின் குடிநீர்க் குழாய்க்குள் பின்னோக்கி இழுக்கப்படக்கூடும்.