உங்களுக்குத் தெரியுமா? எலும்பு சூப்பில் எவ்வளவு கல்சியம்?

காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும் கை, கால் முறிந்தவருக்கும் பதுளை, பசறை, மொனராகலைப் பக்கத்து வீடுகளில் ஆட்டெலும்பு சூப்தான் மருந்து. எலும்பின் பலமெல்லாம் சூப்பில் இறங்கிவிடும் என்பது நம்பிக்கை. எலும்பு அவ்வளவு தாராளமானதல்ல! 1934இல் லண்டனில் மெக்கான்ஸ், ஷெல்டன், விடோசன் ஆகிய மூவர் எலும்பு சூப்பைச் சோதித்தார்கள். பாலோடு ஒப்பிட்டால் அதில் இருந்த கல்சியம் சொற்பமே.

ஆறியதும் சூப் கட்டிப்படுகிறதே, அது ஜெலட்டின். எலும்பிலும் சவ்விலும் உள்ள கொலாஜன் நீண்ட நேரம் வெந்து கரைந்து வருவது. புரதம்தான், ஆனால் டிரிப்டோஃபான் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் அதில் இல்லை. ஆகவே முட்டைக்கோ பருப்புக்கோ அது ஈடாகாது. குடித்த கொலாஜன் நேரே முழங்காலுக்குப் போய் ஒட்டிக்கொள்வதுமில்லை. மற்றப் புரதங்களைப் போலவே குடலில் செரிக்கிறது.

சோறு இறங்காத நேரத்தில் மிளகு தட்டிப் போட்ட சூடான சூப் நீரும் உப்பும் தந்து நாவுக்கு ருசியும் தரும். அந்த நன்மை உண்மையானது.

அதே உப்புதான் இரத்த அழுத்தக்காரருக்கு வினை. சூப் கட்டி கரைத்தால் இன்னும் கூடும். எலும்போடு இறைச்சியும் வெந்தால், கவுட் வாதத்தைத் தூண்டும் பியூரின் என்ற பொருளும் சூப்பில் இறங்கும். அந்த வாதம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் கிராந்துருகோட்டை உட்பட ஊவாவின் சில பகுதிகளிலும் உண்டு. அந்த நோயாளிகள் கிளினிக்கில் கேட்காமல் சூப் குடிக்க வேண்டாம்.

கல்சியம்தான் தேவையென்றால், மொனராகலைச் சேனையில் விளையும் குரக்கன் மாவு 100 கிராமில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் இருக்கிறது.