நின்று பார்ப்போருக்கே வானம் தன்னைக் காட்டும்



மழைக்காலம் வந்துவிட்டால் நம் கைப்பேசிகளில் வானம் நிறைந்துவிடுகிறது. கடல்மேல் எழும் கருமேகம், மாலைச் செவ்வானம், ஆலயக் கோபுரத்துக்குப் பின்னால் வெட்டும் மின்னல் என்று படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அழகானதைக் கண்டதும் பிறருக்குக் காட்ட நினைப்பது நல்ல மனதின் அடையாளம். ஆனால் வானத்தை எப்படிப் பார்ப்பது, எங்கே நின்று படமெடுப்பது என்று நாம் சிந்திக்கிறோமா?

மேகங்களுக்கு முறையாகப் பெயர் சூட்டியவர் லண்டனைச் சேர்ந்த லூக் ஹோவர்டு. மருந்து தயாரிப்பதே அவருடைய தொழில். ஓய்வு நேரங்களில் வானத்தைப் பார்த்துக் குறித்து வந்த அவர், 1802-ஆம் ஆண்டு ஓர் உரையில் மேகங்களை வகைப்படுத்திக் காட்டினார். கீற்றாகத் தெரிவது சிர்ரஸ், குவியலாக எழுவது குமுலஸ், போர்வைபோல் படர்வது ஸ்ட்ராட்டஸ். இன்றும் உலகமெங்கும் வழங்குபவை இந்தப் பெயர்களே.

மேகங்களைப் படமெடுப்பது தொடக்கத்தில் எளிதாக இருக்கவில்லை. பழங்காலப் புகைப்படத் தட்டுகளில் நீல வானமும் வெள்ளை மேகமும் ஒன்றுபோல வெளுத்தே பதிந்தன. வண்ணக் கண்ணாடிகளையும், வானத்தைப் பிரதிபலிக்கும் கறுப்புக் கண்ணாடியையும் பயன்படுத்தி இந்தக் குறையை நீக்கினார்கள். 1896-இல் வண்ணப் படங்களுடன் பன்னாட்டு மேகப் படநூல் வெளிவந்தது. புகைப்படம் நம் கண்களையும் திருத்தியது. மின்னலை ஓவியர்கள் கோணல்மாணலான ஒற்றைக் கோடாக வரைந்து வந்தார்கள். 1882-இல் பிலடெல்பியாவில் வில்லியம் ஜென்னிங்ஸ் எடுத்த படமோ, மின்னல் மரத்தின் வேர்போல் பல கிளைகளாகப் பிரிவதைக் காட்டியது.

நம் திருச்சபையின் மைந்தர்களும் இப்பணியில் பங்கேற்றார்கள். கியூபாவின் ஹவானா நகரில், இயேசு சபையினரின் பெலேன் கல்லூரி வானிலைக் கூடத்தில் அருட்தந்தை பெனிட்டோ வினியெஸ் 1870 முதல் 1893-இல் இறக்கும்வரை பணியாற்றினார். மிக உயரத்தில் நகரும் கீற்று மேகங்களின் போக்கைக் கவனித்து, கண்ணுக்கெட்டாத புயலின் மையம் எத்திசையில் இருக்கிறது என்று கணித்தார். 1875-இல் செய்தித்தாள் வழியாகப் புயல் எச்சரிக்கை வெளியிட்டார். பிலிப்பைன்சின் மணிலாவில் அதே சபையின் அருட்தந்தை ஹோசே அல்கே அந்நாட்டு மேகங்களை ஆராய்ந்து 1898-இல் ஒரு நூலே எழுதினார். அக்காலத்தில் இரண்டு இடங்களிலிருந்து ஒரே நொடியில் ஒரே மேகத்தைப் படமெடுப்பார்கள். இரு படங்களிலும் உள்ள கோணங்களை ஒப்பிட்டு மேகத்தின் உயரத்தைக் கணக்கிடுவார்கள். கடலோர மக்களுக்கும் மாலுமிகளுக்கும் இத்தகைய ஆய்வுகள் பேருதவியாயின.

இவர்கள் புயலைத் துரத்தி ஓடியவர்கள் அல்லர். ஒரே இடத்தில் நின்று ஆண்டுக்கணக்காக வானத்தைப் பார்த்தவர்கள். நம் காலத்திலும் இப்படி நடந்துள்ளது. 2006-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு பெண்மணி தம் அலுவலகச் சன்னல் வழியே, கொந்தளிக்கும் கடலைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்ற மேகத்தைப் படமெடுத்தார். அதுபோன்ற படங்களைப் பல நாட்டுப் பொதுமக்களும் அனுப்பினார்கள். 2017-இல் உலக வானிலை அமைப்பு தன் மேகப் படநூலில் அதற்கு 'ஆஸ்பெரிடாஸ்' என்ற பெயருடன் இடம் அளித்தது. ஒரு சன்னல் போதுமானதாக இருந்தது!

உண்மையில் தொலைவில் நிற்பவருக்கே நல்ல படம் கிடைக்கிறது. இடிமேகம் நம் பகுதிகளில் 15 கிலோமீட்டருக்கும் மேல் உயரக்கூடியது. அதன் உச்சி கொல்லனின் பட்டடைக் கல்போல் தட்டையாக விரியும். அதற்கு நேர் கீழே நிற்பவருக்குச் சாம்பல் நிறக் கூரைதான் தெரியும். பல கிலோமீட்டர் தள்ளி நிற்பவருக்கோ முழு உருவமும் தெரியும். காலையிலும் மாலையிலும் வெயில் பக்கவாட்டில் விழுவதால் மேகத்தின் மேடுபள்ளங்கள் தெளிவாகப் புலப்படும். கைப்பேசித் திரையில் மேகத்தின் வெளிச்சமான பகுதியைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தால் அதன் நுணுக்கங்கள் வெளுத்துப்போகாது. ஒரு பனைமரமோ படகோ படத்தின் ஓரத்தில் இருந்தால் மேகத்தின் பெருமை விளங்கும். இரவு மின்னலுக்கு, கட்டடத்தின் உள்ளே சன்னலருகே முக்காலியில் கேமராவைப் பொருத்தி, பத்து இருபது வினாடிகள் திறந்திருக்குமாறு வைத்துப் பொறுமையோடு காத்திருக்க வேண்டும்.

பொறுமையை மறந்தால் விலை பெரிது. 2021 ஜூலை 11 அன்று ஜெய்ப்பூரில், ஆமேர் கோட்டை அருகே உயரமான காவல் கோபுரத்துக்குச் சென்றிருந்தவர்கள்மீது மின்னல் தாக்கியது. பதினொரு பேர் இறந்தார்கள். அவர்களில் சிலர் மழையில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள் எனச் செய்திகள் கூறின. 2013 மே 31 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், சூறாவளிகளைப் பல்லாண்டு ஆராய்ந்த டிம் சாமரஸ், தம் மகனோடும் நண்பரோடும் உயிரிழந்தார். கவனத்துக்குப் பெயர்பெற்றவர் அவர். ஆனால் அன்றைய சூறாவளி திடீரெனத் திசை மாறி, ஏறக்குறைய 4 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்தது. தேர்ந்தவருக்கே இப்படியென்றால் மொட்டை மாடியில் கைப்பேசியோடு நிற்கும் நம் பிள்ளைகளின் நிலை என்ன?

எனவே சில விதிகளை நம் வீடுகளில் கடைப்பிடிப்போம். மழை இன்னும் வரவில்லை என்று இருந்துவிட வேண்டாம். மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் விழும். இடி காதில் கேட்டால் மின்னல் நம்மை எட்டும் தொலைவில் இருக்கிறது என்று பொருள். உடனே உறுதியான கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடங்கள் கழிந்த பிறகே வெளியே வரவேண்டும். தனிமரம், கடற்கரை, வயல்வெளி, மொட்டை மாடி ஆகியவை தஞ்சம் புகும் இடங்கள் அல்ல.

இன்னொன்றும் உண்டு. படத்தோடு நாள், நேரம், ஊர், திசை ஆகியவற்றை எழுதுங்கள். எங்கோ என்றோ எடுத்த புயல் படத்தை 'இன்று நம் ஊரில்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால், கடலுக்குச் சென்ற மகனை எதிர்பார்த்திருக்கும் ஒரு தாயின் நெஞ்சம் பதறும். அடுத்த முறை உண்மையான எச்சரிக்கை வரும்போது அதை நம்ப ஆள் இருக்காது. உண்மையாகக் குறிக்கப்பட்ட படமோ மீனவருக்கும் உழவருக்கும் பயன்படும்.

வானம் எல்லாருக்கும் பொதுவானது. அதைக் காண நுழைவுக்கட்டணம் இல்லை, தொலைதூரப் பயணமும் தேவையில்லை. இன்று மாலை பத்து நிமிடங்கள் வீட்டு வாசலில் பிள்ளைகளோடு அமர்ந்து, ஒரு மேகம் எப்படி வளர்ந்து கரைகிறது என்று பாருங்கள். முதலில் கண்ணால் பாருங்கள், பிறகு படமெடுங்கள். இடி கேட்டதும் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பாருங்கள்.