யூபிஎஸ் வாங்கும் முன் மீட்டரைப் பாருங்கள்

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் ‘450 வாட்’ என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ற பெரிய யூபிஎஸ்ஸாகக் கேட்பவர்கள் உண்டு. கடைக்காரருக்குக் கசக்குமா? அந்த 450, எஸ்எம்பிஎஸ்ஸால் அதிகபட்சம் தரக்கூடிய அளவு. எந்நேரமும் அது இழுக்கும் அளவல்ல. பில் போடவும் கடிதம் அடிக்கவும் உள்ள சாதாரண டெஸ்க்டாப், மானிட்டரோடு சேர்த்தே பெரும்பாலும் 100 வாட்டுக்குள் அடங்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டு கேம் ஆடுகிற மெஷின் என்றால் 300ஐத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை.

ப்ராசசருக்குச் சொல்லும் வாட் எண்ணும் முழுக் கதையல்ல. இன்டெல் ஐ5-12400க்கு அடிப்படை 65 வாட். வேலை அதிகமானால் 117 வரை ஏறும். சும்மா இருக்கும்போது இரண்டையும்விட மிகக் குறைவு. அதனால் அளந்துவிடுவதே மேல்.

பிளக்கில் சொருகும் வாட் மீட்டர் இல்லாவிட்டால் வீட்டு ஈ.பி. மீட்டரே போதும். டிஜிட்டல் மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பது மீட்டர் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். 3200 என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். ஆக, ஒரு மினுக்கலுக்கு 1125 ஜூல். ஃபிரிட்ஜ், ஃபேன், சார்ஜர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரை மட்டும் ஓடவிட்டு, பத்து மினுக்கலுக்கு ஆகும் நேரத்தைக் குறியுங்கள். 150 விநாடி ஆனால் மினுக்கலுக்கு 15 விநாடி. 1125ஐ 15ஆல் வகுத்தால் 75 வாட். கனமான வேலை ஒன்றைக் கொடுத்து இன்னொரு முறையும் அளக்க வேண்டும். யூபிஎஸ்ஸின் அளவை முடிவு செய்வது அந்தப் பெரிய எண்தான்.

யூபிஎஸ் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘600 வி.ஏ.’ வாட் அல்ல. வாட் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், 600 வி.ஏ.வுக்குப் பெரும்பாலும் 360. நம் 75க்கு இதுவே தாராளம்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பது பேட்டரியின் பாடு. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி. 75 வாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் வரும் என்று காகிதம் சொல்லும். வராது. அந்த 7, இருபது மணி நேரம் மெல்ல மெல்ல இறக்கினால் கிடைப்பது. வேகமாக உறிஞ்சினால் குறையும். ஏசியாக மாற்றுவதிலும் கொஞ்சம் சூடாகப் போய்விடும். புது பேட்டரியிலேயே அரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. இரண்டு மூன்று வருடம் ஆனபின் அதுவும் தேயும்.

லேசர் பிரிண்டரை மட்டும் யூபிஎஸ்ஸில் சொருகாதீர்கள். தாளில் பொடியை உருக்கி ஒட்ட உருளையைச் சூடாக்கும்போது அது பல நூறு வாட் இழுக்கும். நீங்கள் கணக்குப் போட்டு வாங்கிய பெட்டி கத்திவிட்டு அணைந்துபோகும், சேமிக்காத ஃபைலோடு.